வீட்டிலேயே யோகா, நடுவுடல் வலிமை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நீலகிரியில் மழையும் பனியும் சேர்ந்துவிட்டால் காலை நடைக்குப் போவதே பெரும்பாடு. வீட்டுக்குள்ளேயே யோகா செய்து வயிறு, இடுப்பு, முதுகைப் பலப்படுத்தலாமா என்று பலரும் கேட்டிருந்தீர்கள். கோத்தகிரியில் யோகா சொல்லிக்கொடுக்கிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கேள்வி (குன்னூர், வீட்டிலிருந்து ஐ.டி. வேலை): டீச்சர், எல்லாரும் கோர், கோர் என்கிறார்கள். வயிற்றில் கட்டுக்கட்டாகத் தெரிவதுதானே அது?

இல்லை தம்பி. கட்டாகத் தெரிவது மேலே உள்ள ஒரே ஒரு தசை. அதற்கு அடியில், துண்டை இறுக்கிக் கட்டியது போல இடுப்பைச் சுற்றி ஒரு தசை இருக்கிறது. மேலே மூச்சுக்கு உதவும் உதரவிதானம், கீழே இடுப்புத் தளத் தசைகள், பின்னால் முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள். இவை எல்லாம் சேர்ந்ததுதான் நடுவுடல், அதாவது கோர். கை காலை எப்படி அசைத்தாலும் முதுகெலும்பு ஆடாமல் பிடித்துக்கொள்வது இவற்றின் வேலை.

இப்போதே தொட்டுப் பாருங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். இடுப்பெலும்பின் முன் முனையிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி விரலை வைத்து லேசாக இருமுங்கள். விரலுக்குக் கீழே ஒன்று இறுகும். மூச்சை மெதுவாக வெளியே விட்டுக்கொண்டே, இருமாமல் அதே இறுக்கத்தில் கால்பங்கு வந்தால் போதும். இது பிடிபட்ட பிறகு எந்த ஆசனமும் உங்களுக்குப் பயன்தரும். பிடிபடாமல் செய்தால் கழுத்தும் தொடையும்தான் உழைக்கும்.

கேள்வி (கோத்தகிரி பக்கம், தேயிலை பறிக்கும் வேலை): அக்கா, நாள் முழுக்க மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்குறோம். எங்களுக்கு எதுக்கு யோகா? ஆனா இடுப்பு வலி மட்டும் விட மாட்டேங்குது.

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் காலுக்கு இருக்கும் பலம் எனக்கு இருக்காது தங்கச்சி. ஆனால் சரிவில் நின்று, முன்னால் சாய்ந்து, கத்தரியைக் கையில் பிடித்து, பையில் இலை ஏற ஏற இன்னும் சாய்ந்து நிற்கிறீர்கள். பல மணி நேரம் ஒரே பக்கம் வளைந்திருக்கும் முதுகுக்கு வீட்டிலும் குனிகிற ஆசனமே கொடுத்தால் வலி கூடத்தான் செய்யும். பாதஹஸ்தாசனம், பச்சிமோத்தானாசனம் இரண்டையும் கொஞ்ச காலம் ஒதுக்கி வையுங்கள்.

வியாக்ராசனத்தை இப்படிச் செய்யுங்கள். கையும் முழங்காலும் ஊன்றி நில்லுங்கள்: தோளுக்கு நேர் கீழே உள்ளங்கை, இடுப்புக்கு நேர் கீழே முழங்கால். இடுப்பின் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளரில் கால்பங்கு தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள், வீட்டில் பிள்ளைகள் சந்தோஷமாக வைப்பார்கள். வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் மெல்ல நீட்டுங்கள். கால் இடுப்பு உயரத்துக்கு மேல் போக வேண்டாம். டம்ளர் சாய்கிறது என்றால் இடுப்பு திரும்புகிறது என்று அர்த்தம், காலைக் கொஞ்சம் இறக்குங்கள். பத்து எண்ணும் வரை மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு அடுத்த பக்கம். முதல் சுற்றில் பக்கத்துக்கு ஐந்து முறை, அடுத்து மூன்று, கடைசியில் ஒன்று. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் இடுப்பு வலிக்காரர்களுக்குச் சொல்லும் மூன்று பயிற்சிகளில் இதே அமைப்பும் ஒன்று. அவரும் ஒரு பிடிக்கு பத்து வினாடி அளவைத்தான் சொல்கிறார். இதோடு மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனமும், குப்புறப் படுத்து ஒரு காலை மட்டும் தூக்கும் ஒற்றைக் கால் சலபாசனமும் போதும்.

ஒன்று முக்கியம். வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினால், கால் மரத்தால், பாதம் தூக்க முடியாமல் போனால் ஆசனம் வேண்டாம், டாக்டரிடம் போங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் நிற்கவில்லை என்றால் அன்றைக்கே போயாக வேண்டும்.

கேள்வி (உதகை, ஓய்வு பெற்ற ஆசிரியர்): காலை ஐந்தரைக்கே எழுந்து செய்கிறேன். பிரம்ம முகூர்த்தம் நல்லது என்பார்களே. ஆனால் உடம்பு கட்டையாக இருக்கிறது.

வணக்கம் ஐயா. ஜபமும் தியானமும் அந்த நேரத்தில் செய்யுங்கள், குனிகிற ஆசனத்தை மட்டும் தள்ளி வையுங்கள். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகள் (டிஸ்க்) நீரை இழுத்து உப்பிக்கொள்ளும். காலையில் நாம் மாலையைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது அதனால்தான். உப்பிய வட்டின் மேல் குனிந்தால் அழுத்தம் அதிகம். அதிகாலையில் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு நாள்பட்ட இடுப்பு வலி குறைந்ததாக 1998இல் ஓர் அமெரிக்க ஆய்வு வெளியானது. எழுந்து ஒரு மணி நேரம் வீட்டு வேலை பாருங்கள், நடங்கள். பிறகு கை, முழங்கால் ஊன்றிப் பூனை போல முதுகை மேலும் கீழும் வளைக்கும் மார்ஜரி ஆசனத்தில் தொடங்குங்கள். மார்கழி, தையில் உறைபனி விழும் நாட்களில் வெயில் வந்த பிறகு செய்வதே மேல்.

சிமென்ட் தரையில் பாய் மட்டும் போதாது, அடியில் ஜமுக்காளம் போடுங்கள். மெத்தென்ற கம்பளி வேண்டாம், மணிக்கட்டு புதைந்து வலிக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், எல்லாருக்கும் சேர்த்து. குளிருக்காகக் கதவு ஜன்னலை அடைத்து, கரிக் கணப்பு மூட்டி, அதே அறையில் பிராணாயாமம் செய்யாதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மலை ஊர்களில் மூடிய அறையில் கணப்போடு தூங்கி உயிரை விட்டவர்கள் உண்டு. ஆழ்ந்து மூச்சிழுக்கிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். கணப்பு வேண்டுமென்றால் அறை சூடானதும் அதை வெளியே வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து காற்று மாறிய பிறகு உட்காருங்கள்.

கேள்வி (உதகை, கல்லூரி மாணவர்): பிளாங்க் மூன்று நிமிடம் நிற்க முடியவில்லை. என்ன செய்ய?

முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பைப் பலகை போல நேராக நிறுத்தும் பிளாங்குக்கு மூன்று நிமிடம் தேவையே இல்லை தம்பி. பதினைந்து வினாடி, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பதினைந்து. இப்படி ஐந்தாறு முறை. இடுப்பு தொங்கினாலோ மூச்சு அடைத்தாலோ அந்த முறை அங்கேயே முடிந்தது.

கேள்வி (குன்னூர், சிசேரியன் ஆகி நான்கு மாதம்): அக்கா, தொப்புள் பக்கத்தில் பள்ளமாக இருக்கு. எழும்பும்போது நடுவில் கூம்பு மாதிரி மேலே வருது. அம்மா துணி கட்டச் சொல்றாங்க. நௌகாசனம் செய்யலாமா?

உட்கார்ந்து காலைத் தூக்கிப் படகு போல நிற்கும் நௌகாசனம் இப்போது வேண்டாம்மா. கர்ப்பத்தில் வயிற்றின் நடுக்கோட்டுச் சவ்வு விரிந்து, இரு பக்கத் தசைகளும் விலகியிருக்கும். மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கித் தொப்புளுக்கு மேலும் கீழும் விரலைக் குறுக்காக வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள். அந்தக் கூம்பு எந்த அசைவில் வருகிறதோ அந்த அசைவு இன்னும் உங்களுக்கு இல்லை. நௌகாசனம், பிளாங்க், இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கும் உத்தானபாதாசனம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

டாக்டர் சரி என்றதும் மூச்சில் தொடங்குங்கள். மூச்சை விடும்போது சிறுநீரை அடக்குவது போல அடியை மேலே இழுத்து, அடிவயிற்றை மெல்ல உள்ளே வாங்குங்கள். இழுக்கும்போது முழுக்கத் தளர்த்திவிடுங்கள். இது சுலபமானதும், மூச்சை விட்டுக்கொண்டே ஒரு குதிகாலைத் தரையில் தேய்த்து நீட்டி, திரும்ப மடக்குங்கள். அம்மா சொல்லும் துணிக்கட்டு தாங்கலுக்கு நல்லதுதான், ரொம்ப இறுக்க வேண்டாம். தசைக்குப் பலம் அதனால் வராது. எழும்பும்போது நேராக எழாமல் ஒருக்களித்துக் கையூன்றி எழுந்திருங்கள்.

கேள்வி (மினி பஸ் ஓட்டுநர்): பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். தொப்பை குறைய கபாலபாதி செய்யலாமா?

வயிற்றை உள்ளே இழுத்து மூச்சை வேகவேகமாக வெளியேற்றும் கபாலபாதி வேண்டாம் அண்ணா. உயர் ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கபாலபாதி கூடாது. வயிற்றுத் தசைக்கு வேலை கொடுப்பதால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் கரைவதும் இல்லை. நெடுநேரம் உட்கார்ந்து ஓட்டிவிட்டு வண்டியை விட்டு இறங்கியதும் சக்கரத்தைக் கழற்றுவது, மூட்டை தூக்குவது என்று போகாதீர்கள், பத்து நிமிடம் நடந்த பிறகு தூக்குங்கள்.

கேள்வி (சென்னையிலிருந்து உதகைக்குக் குடிவந்தவர்): அங்கே எளிதாகச் செய்த சூரிய நமஸ்காரம் இங்கே மூச்சு வாங்குகிறது.

உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் கிடைப்பதைவிட ஆக்சிஜன் ஏறத்தாழ கால்பங்கு குறைவு. இரண்டு வாரம் வேகத்தைப் பாதியாக்குங்கள், பழகிவிடும். நெஞ்சு வலி, தலைச்சுற்றல் இருந்தால் காத்திருக்க வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி (கேத்தி, கேரட் விவசாயம்): நாவாசனம் செய்தால் வயிறு வலிக்கலை டீச்சர், தொடை முன்பக்கம்தான் பிடிக்குது.

நாவாசனமும் படகு வடிவ ஆசனம்தான். அதில் காலை நீட்டியதும் முதுகு கூன் விழுந்து, தொடையை மடக்கும் தசை எல்லாப் பாரத்தையும் எடுத்துக்கொள்கிறது. முழங்காலை மடக்கி, தொடைக்குப் பின்னால் கையால் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி உட்காருங்கள். பாதம் தரையை விட்டு ஒரு சாண் எழுந்தால் போதும். அந்த நிலையில் ஐந்து மூச்சு ஆடாமல் நிற்க முடிந்ததும் கையை எடுங்கள், காலை நீட்டுவது அதற்குப் பிறகு. மூட்டை தூக்கும்போதும் மூச்சை விட்டுக்கொண்டே தூக்குங்கள். அறுவடை நாட்களில் முதுகு ஏற்கெனவே உழைத்திருக்கும், அன்றைக்கு நாவாசனம் வேண்டாம், சேதுபந்தாசனம் மட்டும் செய்துவிட்டுப் படுங்கள்.