பிரவுசரிலிருந்து கிட் பயன்படுத்த பிராக்ஸி சர்வரை நாமே நடத்த வேண்டுமா?

பிரவுசருக்குள் இயங்கும் எடிட்டரிலிருந்து, கிட் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) வழியாக கிட்ஹப்புக்கு (அந்தக் கோப்புகளைச் சேமித்துவைக்கும் தளம்) போக நடுவில் பிராக்ஸி (கோரிக்கைகளை இடையில் நின்று கடத்தும் சர்வர்) எதற்கு, இலவசமாகக் கிடைப்பது போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். யாரும் பார்க்கக்கூடிய பொதுக் களஞ்சியத்தைக் குளோன் செய்ய (நகலெடுக்க) மட்டும் என்றால் போதும். புஷ் செய்ய (மாற்றங்களை கிட்ஹப்பில் ஏற்ற) போகிறீர்கள் என்றால் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் மாலை வேளைகளில் மாணவர்களுக்கு வலைப்பக்கம் உருவாக்கச் சொல்லித் தருகிறேன். கிட் நிறுவ அனுமதி இல்லாத கம்ப்யூட்டர்களில்தான் பலருக்கும் வேலை. அதனால் முழுக்க ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்ட ஐசோமார்ஃபிக்-கிட்டைப் பயன்படுத்துகிறோம். இங்கேதான் கோர்ஸ் (CORS) என்ற பிரவுசர் பாதுகாப்பு விதி குறுக்கே வருகிறது. வேறொரு தளத்தின் பதிலை, அந்தத் தளமே பதிலின் தலைப்பில் (ஹெடர்) அனுமதி எழுதி அனுப்பினால் ஒழிய, பிரவுசர் நம் பக்கத்துக்குக் காட்டாது. கிட்ஹப்பின் ஏபிஐ (பிற நிரல்கள் தொடர்புகொள்ளும் வாசல்) அந்த அனுமதியை அனுப்புகிறது. குளோனும் புஷ்ஷும் போகும் முகவரிகள் அனுப்புவதில்லை. டெர்மினலில் ஓடும் கிட்டுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. பிராக்ஸி செய்வதெல்லாம் கோரிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்து, வருகிற பதிலில் அந்தத் தலைப்பை ஒட்டுவதுதான். கிட் சர்வரே உங்களுடையது என்றால் அதிலேயே தலைப்பைச் சேர்த்துவிடுங்கள், பிராக்ஸியே வேண்டாம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஜங்ஷனுக்கு வரும் பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒரு கவரைக் கொடுத்தனுப்புவதைப் போன்றது இது. ஆனால் இந்தக் கவர் ஒட்டப்படாதது. பிரவுசரிலிருந்து பிராக்ஸி வரை ஒரு மறையாக்கம், அங்கிருந்து கிட்ஹப் வரை வேறொரு மறையாக்கம். நடுவில் டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலான ரகசியக் குறியீடு) திறந்தே கிடக்கும். 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட்ஹப் புஷ்ஷுக்குக் கடவுச்சொல்லை ஏற்பதில்லை என்பதால் டோக்கன் இல்லாமலும் முடியாது. முகம் தெரியாதவரின் சர்வர் வழியாக மாணவர்களின் டோக்கனை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

நிறுவுவது பத்து நிமிட வேலை. ஐசோமார்ஃபிக்-கிட் குழுவினரே வெளியிட்ட கோர்ஸ்-பிராக்ஸி என்ற நோட் (Node.js) பொதி இருக்கிறது. இயல்பாக 9999ஆம் போர்ட்டில் ஓடும். கிட் கோரிக்கைகளை மட்டும் உள்ளே விடும், மற்றதைத் தடுக்கும். நாமே எழுதலாமே என்று தோன்றும், வேண்டாம். யூசர்-ஏஜென்ட் (கோரிக்கை அனுப்பும் மென்பொருளின் பெயர்) 'கிட்/' என்று தொடங்குகிறதா என்று பார்த்து கிட்ஹப் வேறுவிதமாக நடந்துகொள்ளும். அந்தப் பொதி அதையெல்லாம் கவனித்துக்கொள்கிறது. எந்தத் தளத்திலிருந்து கோரிக்கை வரலாம் என்பதையும் அதில் குறிப்பிட்டுவிடுங்கள். அது பிரவுசர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். கர்ல் போன்ற டெர்மினல் கருவி வைத்து வருபவரைத் தடுக்காது.

என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது வேறு. பிராக்ஸிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வரை வைத்திருந்தேன். எல்லோருக்கும் புஷ் போனது, ஒரு மாணவிக்கு மட்டும் கோர்ஸ் பிழை. பத்தமடைப் பாய் நெய்யும் தன் வீட்டாருக்காக ஒரு பக்கம் செய்துகொண்டிருந்தாள். நான் கோர்ஸ் அமைப்பை வரிவரியாக மாற்றிப் பார்த்தேன், டோக்கனைப் புதுப்பிக்கச் சொன்னேன், பிரவுசரைக்கூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் என்ஜின்எக்ஸின் பதிவேட்டைத் திறந்தால் 413 என்ற பிழை எண் இருக்கிறது! கோரிக்கையின் உடல் 1 மெகாபைட்டைத் தாண்டினால் அது இயல்பாகவே மறுத்துவிடும். அந்த மறுப்பை அனுப்பியது என்ஜின்எக்ஸ், பிராக்ஸி அல்ல; எனவே அதில் கோர்ஸ் தலைப்பு இல்லை. தலைப்பு இல்லாததைக் கண்ட பிரவுசர், உண்மைக் காரணத்தை மறைத்துவிட்டு கோர்ஸ் பிழை என்று மட்டும் சொல்லியிருக்கிறது. மற்றவர்கள் எழுத்தை மட்டும் ஏற்றினார்கள், இவள் படங்களை ஏற்றினாள், அவ்வளவுதான்.

வரம்பை 50 மெகாபைட்டாக உயர்த்தினேன். படங்களைச் சுருக்கி ஏற்றலாமே என்று அவளிடம் கேட்டும் பார்த்தேன். கோரையின் இழை தெரியாமல் போய்விடும் என்று மறுத்துவிட்டாள்.