வாங்கியபின் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

கேள்வி: ஆன்லைனில் ஒரு கட்டிலுக்கு கார்டில் முழுப் பணமும் கட்டினேன். பத்து நாளில் வரும் என்றார்கள். இரண்டு மாதமாகிறது. எப்போது கேட்டாலும் ‘அடுத்த வாரம் வந்துவிடும்’ என்று பணிவாகச் சொல்கிறார்கள். இன்னும் எத்தனை நாள் பொறுக்கலாம்?

பதில்: ஒரே ஒரு வாரம். அதுவும் எழுத்தில் கெடு வைத்த பிறகு.

பொருள் வராதபோது உங்கள் கையிலிருக்கும் வலுவான வழி, கார்டு கொடுத்த வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’ கேட்பது, அதாவது கட்டிய பணத்தை விற்பவரிடமிருந்து திரும்ப வாங்கித் தரச் சொல்வது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் இதற்குப் பொதுவான கெடு 120 நாள். பொருள் வராத புகாரில், டெலிவரிக்குச் சொன்ன கடைசித் தேதியிலிருந்து அதை எண்ணுவார்கள். உங்கள் கணக்கில் ஏறக்குறைய பாதி ஓடிவிட்டது. வாடிக்கையாளர் புகார் கொடுக்க வங்கி இதைவிடக் குறைந்த நாளே வைத்திருக்கவும் கூடும். ஆகவே இன்றைக்கே போன் செய்து, ‘என் பரிவர்த்தனைக்குக் கடைசி நாள் எது?’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு விற்பவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆர்டர் எண், பணம் கட்டிய தேதி, தொகை, அவர்கள் சொன்ன டெலிவரி தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். ‘இன்னும் ஏழு நாளில் வராவிட்டால் ஆர்டரை ரத்து செய்கிறேன், பணத்தைத் திருப்பி அனுப்புங்கள்’ என்று நாளைக் குறிப்பிட்டு எழுதுங்கள். போனில் எவ்வளவு பேசினாலும் வங்கிக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது. டெலிவரி தேதி தெரியும்படி அந்தப் பொருளின் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு அந்தப் பக்கமே காணாமல் போகலாம். எட்டாம் நாள் வங்கிக்குப் போய்விடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். வங்கியில் புகார் பதிவானதும் விற்பவர் ஓடிவந்து, ‘பணம் அனுப்பிவிட்டோம், புகாரை வாபஸ் வாங்குங்கள்’ என்பார். பணம் கணக்கில் ஏறுமுன் வாபஸ் வாங்காதீர்கள்; மூடிய புகாரை மறுபடி திறப்பது பெரும்பாலும் நடக்காது. ‘பொருள் கிடைத்தது’ என்ற பொத்தானை அழுத்தினால்தான் பணத்தை அனுப்ப முடியும் என்று அவர் சொன்னாலும் அழுத்தாதீர்கள். பணத்துக்குப் பதில் கூப்பன் வாங்கிக்கொண்டால் உங்கள் கோரிக்கை அத்தோடு முடிந்துபோகலாம்.

கார்டு இல்லாமல் நேரடியாக வங்கிக் கணக்குக்கு அனுப்பிய பணத்தை, வாங்கியவர் சம்மதமில்லாமல் திரும்ப எடுப்பது மிகக் கடினம். முழுத் தொகையையும் முன்பணமாக அப்படி அனுப்பாமல் இருப்பதே பாதுகாப்பு.

கேள்வி: தள்ளுபடியில் வாங்கிய பவர்பேங்கை எட்டு மாதம் பிரிக்காமலே வைத்திருந்தேன். இப்போது சார்ஜே ஏறவில்லை. பயன்படுத்தாத பொருள் எப்படிக் கெடும்?

பதில்: லித்தியம் பேட்டரி பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். உள்ளிருக்கும் பாதுகாப்பு மின்சுற்றும் தன் பங்குக்குச் சிறிது மின்சாரம் எடுக்கும். தொழிற்சாலையிலும் கடையிலும் கிடந்த மாதங்களையும் எட்டோடு கூட்டிக்கொள்ளுங்கள். பேட்டரிச் செல்லின் மின்னழுத்தம் அளவுக்கு மீறி இறங்கி அப்படியே கிடந்தால், உள்ளேயுள்ள செம்புத் தகடு கரையத் தொடங்கும். அந்தச் செல்லை மறுபடி சார்ஜ் செய்தால் உள்ளுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். அதனால்தான் பாதுகாப்புச் சுற்று சார்ஜை ஏற்க மறுக்கிறது. வெளியில் கொடுத்து வலுக்கட்டாயமாக ஏற்றிப் பார்க்காதீர்கள்.

வாரண்டி பெரும்பாலும் பில் தேதியிலிருந்தே ஓடும், பிரித்த நாளிலிருந்து அல்ல. எட்டு மாதம்தான் என்பதால் உங்களுக்கு வாரண்டி இன்னும் மிச்சமிருக்கலாம். பில்லோடு உடனே போய்ப் பாருங்கள். இனி வாங்கும் லேப்டாப், போன் எதுவானாலும் அன்றே பிரித்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜில், சூடு படாத இடத்தில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். முழு சார்ஜில் வெப்பமான அலமாரியில் வைப்பதும் பேட்டரிக்குக் கேடுதான்.

கேள்வி: ஏர்பேக்கை இலவசமாக மாற்றித் தருவதாகக் கார் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்து ஓராண்டாகிறது. கார் நன்றாகத்தான் ஓடுகிறது. அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். இந்த வாரமே நாள் வாங்குங்கள். ஏர்பேக் வேலை செய்ய வேண்டியது விபத்து நடக்கும் அந்த ஒரு நொடியில்தான். கார் நன்றாக ஓடுவதை வைத்து அதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் நடந்ததைப் பாருங்கள். பையை ஊத வைக்கும் மருந்தாக அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தினார்கள். ஈரமும், பகலில் சூடேறி இரவில் குளிரும் மாற்றமும் ஆண்டுக்கணக்கில் அந்த மருந்தைச் சிதைத்தன. சிதைந்த மருந்து மிக வேகமாக எரிந்து, உலோகக் கூடு வெடித்து, துண்டுகள் வண்டியிலிருப்பவர் மேல் பாய்ந்தன. 2008-இல் சில ஆயிரம் கார்களோடு தொடங்கிய திரும்ப அழைப்பு கோடிக்கணக்கான கார்கள் வரை போனது. 2017-இல் நிறுவனம் திவாலானது. வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் ஆபத்து அதிகம். பாகம் பழசாகப் பழசாக ஆபத்து கூடுகிறது என்பதால், கடிதம் மேசையில் கிடந்த ஓராண்டும் கணக்கில் சேரும்.

கம்பெனிகளும் தள்ளிப்போட்டிருக்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் இக்னிஷன் சுவிட்ச் ஓட்டத்தின்போதே விலகி எஞ்சினை நிறுத்தியது. சுவிட்ச் அப்படி விலகினால் ஏர்பேக்கும் விரியாது. 2006 வாக்கில் பாகத்தின் எண்ணைக்கூட மாற்றாமல் வடிவமைப்பைத் திருத்தினார்கள். கார்களைத் திரும்ப அழைத்தது 2014-இல்தான். இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. இவ்வளவு தெரிந்த பிறகும் கையிலிருக்கும் கடிதத்தை நாமே தள்ளிப்போடக் கூடாது.

வாரண்டி முடிந்திருந்தாலும் இந்த வேலைக்குக் கட்டணம் கேட்கக் கூடாது. பாகம் இருப்பில் இல்லை என்றால், காத்திருப்போர் பட்டியலில் சேர்த்ததை எழுத்தில் வாங்குங்கள். காரை அதுவரை ஓட்டலாமா என்பதற்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். குறை பயணி பக்க ஏர்பேக்கில் என்றால் அந்த இருக்கையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். பழைய கார் வாங்கியவர்களுக்குக் கடிதம் வராமலே போகலாம். 17 இடமுள்ள சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கம்பெனி இணையதளத்தில் அவர்களே தேட வேண்டும்.

கேள்வி: குழாய் லேசாகச் சொட்டுகிறது. ஒரு ரப்பர் வாஷருக்காக இப்போதே ஆளைக் கூப்பிட வேண்டுமா?

பதில்: நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்குச் சுமார் 20 லிட்டர். அதைவிட முக்கியம், அந்தச் சிறு இடைவெளியில் பீறிடும் நீர், வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பை அரித்துக் கோடு விழ வைப்பது. கோடு விழுந்தபின் புது வாஷர் போட்டாலும் ஒழுகும். விளிம்பைத் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும், அல்லது குழாயையே மாற்ற வேண்டும். சொட்டு நிற்கட்டும் என்று இறுக்கி இறுக்கி மூடுவதும் வாஷரைக் கிழித்து மரையைத் தேய்க்கும். வால்வை அடைத்து, தலைப்பகுதியைக் கழற்றி, விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் வாஷரோடு போயிற்று.

கேள்வி: ஃப்ரிட்ஜ் வந்திறங்கியது. ஒரு நாள் கழித்துத்தான் போட வேண்டும் என்கிறார்கள். அவசியமா?

பதில்: படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் அவசியம். கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும். அது திரும்ப இறங்கட்டும், 24 மணி நேரம் நிமிர்த்தி வையுங்கள். நிமிர்ந்தபடியே வந்ததென்றால் சில மணி நேரம் போதும். எத்தனை என்பது கையேட்டில் இருக்கும். அட்டைப்பெட்டியை மட்டும் உடனே பிரித்துவிடுங்கள். நெளிவோ கீறலோ இருந்தால் வண்டிக்காரர் இருக்கும்போதே படமெடுத்து, டெலிவரி சீட்டில் எழுதி, பிறகு கையெழுத்துப் போடுங்கள். அவர் நிற்கவில்லை என்றால் ‘பிரித்துப் பார்க்காமல் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.