அபராதம் கட்டிவிட்டு வந்துவிடாதீர்கள்

தொடக்கப்பள்ளி ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்: பழைய ஓய்வூதியம் கேட்டு மறியல் செய்த எங்கள் வட்டார ஆசிரியர்கள் மூவரை ரிமாண்டு செய்துவிட்டார்கள். வழக்கமாக மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டுவிடுவார்களே! சங்கம் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கடிகாரத்தைப் பாருங்கள். தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதி 17(இ)-யின்படி, 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே சஸ்பெண்ட் ஆனதாகக் கொள்ளப்படும். 2019 ஜனவரி 22-ல் தொடங்கிய ஜாக்டோ-ஜியோ (ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பு) வேலைநிறுத்தத்தில் சிறை சென்ற பலருக்கு இதுதான் நேர்ந்தது. ஆகவே கண்டன அறிக்கை பிறகு. ஜாமீன் மனு முதலில்.

எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிப் பிரிவுகளைப் பாருங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 189(2) (சட்டவிரோதக் கூட்டம்), 285 (பொதுவழியில் இடையூறு) மட்டும் என்றால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். பெரும்பாலும் சிக்கல் 132-ல்தான்: அரசு ஊழியரைப் பணிசெய்ய விடாமல் தாக்கியதாக ஒரு வரி சேர்த்தால் போதும், ஜாமீனில் விட முடியாத வழக்காகிவிடும். ஆனாலும் அதற்கு அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டுதான். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் அவசியம் என்று போலீஸ் காரணம் காட்ட வேண்டும் என்பது 2014 அர்னேஷ் குமார் தீர்ப்பு. மனுவில் இதை அழுத்திச் சொல்லுங்கள். மறியல் முழுவதையும் வெட்டாமல் எடுத்த வீடியோ இருந்தால் அதையும் வக்கீலிடம் கொடுங்கள்.

ஜாமீன் கிடைத்த பிறகும் ஜாமீன்தாரர் இல்லாமல் ஒரு நாள் வீணாவது சகஜம். வெள்ளி மாலை கைது என்றால் கேட்கவே வேண்டாம். போராட்டத்துக்கு முந்தைய நாளே ஆட்களையும் ஆவணங்களையும் தயாராக வைப்பதுதான் சங்கத்தின் வேலை.

48 மணி கடந்துவிட்டால், சஸ்பெண்டை ரத்து செய்யக் கோரி நியமன அதிகாரிக்கு மனு கொடுங்கள். வேறு வேலை பார்க்கவில்லை என்ற சான்றைக் கொடுத்துப் பிழைப்பூதியத்தையும் (சஸ்பெண்ட் காலத்தில் தரும் படி) கேட்டு வாங்குங்கள்.

பட்டதாரி ஆசிரியர், கரூர்: குற்றத்தை ஒப்புக்கொண்டு சில நூறு ரூபாய் கட்டினால் வழக்கு முடியும் என்கிறார்களே?

வழக்கு முடியும், தொல்லை தொடங்கும். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனைத் தீர்ப்பு. அதை வைத்து, மேலே சொன்ன ஒழுங்கு விதிகளின் 17(சி)-யில் தனி விசாரணை இல்லாமலே துறைத் தண்டனை தரலாம். அதைவிட, வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் செல்லுங்கள் (குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 528). உங்கள் மாவட்டத்து வழக்கே துணை: 2018 ஜீவானந்தம் தீர்ப்பில், அதிகாரியின் உத்தரவை மீறியதற்கான பழைய இந்திய தண்டனைச் சட்டம் 188-ன் கீழ் (இன்று பாரதிய நியாய சன்ஹிதா 223) போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உரிய அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் தர வேண்டும் என்றது சென்னை உயர் நீதிமன்றம்.

வாசகர், தேனி: அரசு ஆசிரியருக்குப் போராடவே உரிமை இல்லையா?

வேலைநிறுத்தத்துக்கு இல்லை என்றது உச்ச நீதிமன்றத்தின் 2003 ரங்கராஜன் தீர்ப்பு. ஆனால் அரசு ஊழியரின் ஆர்ப்பாட்டத்தை ஒட்டுமொத்தமாகத் தடை செய்யக் கூடாது என்று 1962-லேயே காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பள்ளி விட்ட பின் நடக்கும் மாலை ஆர்ப்பாட்டத்துக்கு இதுவே பிடிமானம்.