மறு: தம்பியைப் போலீஸ் அடித்தது, எங்கே புகார் செய்வது?

வணக்கம் அக்கா. எஸ்டேட் தோட்டத்து வீடுகளை உடைக்க வந்தபோது மறித்து நின்ற தம்பியைப் போலீஸ் அடித்தது, உள்ளூர் ஸ்டேஷனில் ரிப்போர்ட் எடுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

ரிப்போர்ட் பிறகு, முதலில் ஆஸ்பத்திரி. இன்றே சுங்கை சிப்புட் அரசாங்க மருத்துவமனைக்குப் போய், யார் எதால் அடித்தார்கள் என்று டாக்டரிடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள். வீக்கம் வடிந்தபின் போனால் ‘எங்கேயோ விழுந்திருப்பான்’ என்பார்கள். காயங்களைத் தினமும் படம் எடுங்கள். அன்று போட்டிருந்த சட்டையைத் துவைத்துவிடாதீர்கள், நம் அம்மாக்கள் அதைத்தான் முதலில் செய்வார்கள்!

ரிப்போர்ட்டை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், ஈப்போவில் கொடுங்கள். நகலை வாங்காமல் வராதீர்கள். அந்த நகலோடு சுஹாகாமுக்கு, அதாவது மலேசிய மனித உரிமை ஆணையத்துக்கு எழுதுங்கள். விஷயம் கோர்ட்டுக்குப் போய்விட்டால் அவர்கள் விசாரிக்க முடியாது, அதனால் முந்திக்கொள்ளுங்கள். போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க 2023 ஜூலையில் தொடங்கிய ஐபிசிசி ஆணையத்துக்கும் ஒரு புகார் எழுதுங்கள். அது தானாகத் தண்டிக்காது, விசாரித்து மேலே அனுப்பும், அவ்வளவுதான். 2005இல் போலீஸ் படையைப் பற்றி ஆராய்ந்த அரச விசாரணை ஆணையம் கேட்டது இதைவிட அதிகாரமுள்ள அமைப்பை. இருந்தாலும் எழுதுங்கள். நேர்மையான தேர்தல் கேட்டு 2012இல் நடந்த பெர்சே 3.0 பேரணியில் போலீஸ் அளவுமீறியது என்று சுஹாகாம் சொன்னதுகூட சாட்சிகள் வந்து பேசியதால்தான்.

போலீஸ் மீது நஷ்டஈட்டு வழக்குப் போட 36 மாதக் கெடு உண்டு. தம்பியை வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டால் தனியாக அனுப்பாதீர்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது.