அப்பாவுக்கு ஆக்சிஜன் மெஷின்: வாங்குவதற்கு முன்

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. பல வருடம் புகைபிடித்து, இப்போது விட்டுவிட்டார். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது வீட்டில் ஆக்சிஜன் வைக்கச் சொன்னார்கள். கடையில் 5 லிட்டர் மெஷின், 10 லிட்டர் மெஷின், தோளில் மாட்டிக்கொள்ளும் சின்ன மெஷின் என்று மூன்று காட்டுகிறார்கள். 'பெரியதையே வாங்கிவிடுங்கள், பின்னால் தேவைப்படும்' என்கிறார் விற்பவர். எதை வாங்கட்டும்?

பதில்: முதலில் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், ஒரு நாளில் எத்தனை மணி நேரம், மூக்குக் குழாயா மாஸ்க்கா, விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டரில் எந்த அளவு இருக்க வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்கின்றனவா? 'வீட்டில் ஆக்சிஜன்' என்று மட்டும் எழுதியிருந்தால் திரும்பப் போய் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். ஆக்சிஜனும் ஒரு மருந்துதான். அளவு தெரியாமல் வாங்கும் மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வீண்.

சி.ஓ.பி.டி. நோயாளிகளில் பெரும்பாலோருக்கு வீட்டில் தேவைப்படுவது நிமிடத்துக்கு 1 முதல் 3 லிட்டர்தான். உங்கள் சீட்டிலும் அப்படி இருந்தால் 5 லிட்டர் மெஷின் தாராளம். பெரிய மெஷின் அதிக மின்சாரம் இழுக்கும், அதிகச் சத்தம் போடும். நோயாளி ராத்திரி முழுக்க அதன் பக்கத்தில்தான் படுத்திருக்கப் போகிறார்.

லிட்டரை விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அறைக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். மெஷினுக்குள் இருக்கும் ஜியோலைட் என்ற மணிகள் நைட்ரஜனைப் பிடித்து நிறுத்திக்கொள்வதால் வெளியே சுமார் 90 முதல் 96 சதவீத ஆக்சிஜன் வருகிறது. மட்டமான மெஷின்களில் அளவைக் கூட்டக் கூட்ட இந்தச் சுத்தம் இறங்கிவிடும். 'முழு அளவில் வைத்தால் எத்தனை சதவீதம் வரும்?' என்று கேளுங்கள். அனலைசர் வைத்து அங்கேயே அளந்து காட்டச் சொல்லுங்கள். சுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் அலாரம் இல்லாத மெஷினை நான் வாங்க மாட்டேன்.

தோளில் மாட்டும் மெஷினில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை மூச்சை இழுக்கும்போது மட்டும் ஒரு வாய் ஆக்சிஜன் விடும் வகை. அதில் '5' என்று இருப்பது நிமிடத்துக்கு 5 லிட்டர் அல்ல, வெறும் ஐந்தாம் எண். தூங்கும்போது மூச்சு மெதுவாகிவிட்டாலோ வாயால் மூச்சு விட்டாலோ சில மெஷின்கள் அந்த மூச்சைக் கண்டுகொள்வதே இல்லை. வெளியே போய்வர உதவும். வீட்டு மெஷினுக்குப் பதிலாக வாங்காதீர்கள்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு சொந்தமாக வாங்க வேண்டாம். உடம்பு தேறிய பிறகு 2, 3 மாதத்தில் மறுபடி பரிசோதித்தால் ஆக்சிஜனே தேவையில்லாத நிலைக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். அதுவரை வாடகைக்கு எடுங்கள். அப்போதும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவாகவே இருந்து, தொடர வேண்டும் என்று டாக்டர் சொன்னால் வாங்குங்கள். அந்த நிலையில் ஒரு நாளில் குறைந்தது 15 மணி நேரம் வைத்தால்தான் பலன். 1981-இல் பிரிட்டனில் வெளிவந்த ஆய்வில், தினமும் 15 மணி நேரம் ஆக்சிஜன் வைத்துக்கொண்ட 42 பேரில் 19 பேரும், வைக்காத 45 பேரில் 30 பேரும் ஐந்து வருடத்துக்குள் இறந்துபோனார்கள். மூச்சு முட்டும்போது மட்டும் கால் மணி நேரம் வைத்துவிட்டுக் கழற்றுவதற்காக இத்தனை பணம் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கும் இதே நோய்தான். பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் நர்ஸ் ஒருவரை அமர்த்துகிறோம். ஆக்சிஜன் பற்றித் தெரிந்தவர்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஏஜென்சி 'நர்ஸ்' என்று சொல்லி உதவியாளரை அனுப்புவது உண்டு. சான்றிதழையும் பதிவு எண்ணையும் கேட்டுப் பாருங்கள். அப்புறம் வருபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'ஆக்சிமீட்டர் 90 காட்டுகிறது. என்ன செய்வீர்கள்?'

'உடனே ஆக்சிஜனைக் கூட்டுவேன்' என்றால் யோசியுங்கள். மற்றவர்களுக்கு 94-க்கு மேல் வேண்டும் என்றாலும், இந்த நோயில் பெரும்பாலும் 88 முதல் 92 வரை போதும் என்றே டாக்டர்கள் எழுதுகிறார்கள். தேவைக்கு மேல் கொடுத்தால் சிலருக்கு ரத்தத்தில் கரியமில வாயு ஏறும். காலையில் தலைவலி, ஓயாத தூக்கக் கலக்கம், குழறும் பேச்சு எல்லாம் அதன் அறிகுறி. எண் மட்டும் 98 என்று அழகாக இருக்கும். தெரிந்தவர் 'டாக்டர் எழுதிய அளவு என்ன?' என்று உங்களையே திருப்பிக் கேட்பார். விரல் சில்லிட்டிருக்கிறதா, நகச்சாயம் இருக்கிறதா என்று பார்ப்பார். தலையணைகளை முட்டுக்கொடுத்து நிமிர்ந்து உட்கார வைத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்வார். குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று கையால் தடவிக்கொண்டே மெஷின் வரை போவார்.

என் தந்தையை இரண்டு வருடம் பார்த்துக்கொண்ட பெண்மணியிடம் நான் இதைக் கற்றேன். தினமும் காலையில் குழாய் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பார். ஒரு நாள் குமிழ் வரவில்லை. ஈரப்பதத்துக்காக வைக்கும் தண்ணீர் பாட்டிலின் மூடி கோணலாக மாட்டியிருந்தது. ஆக்சிஜன் எல்லாம் அங்கேயே கசிந்துகொண்டிருந்தது. மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்ததால் எங்களில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. காதுக்குப் பின்னால் குழாய் உரசிச் சிவந்த இடத்தில் பஞ்சுத்துணி வைத்துச் சுற்றிவிட்டதும் அவர்தான். அந்தப் புண் வலித்துத்தான் அப்பா ராத்திரியில் குழாயைக் கழற்றிப் போட்டிருக்கிறார். நாங்களோ அவர் அடம்பிடிக்கிறார் என்று கோபப்பட்டோம்.

மூக்கு வறண்டால் வாசலின், எண்ணெய் எதுவும் தடவக்கூடாது. தண்ணீரில் கரையும் ஜெல் போதும். உதடு நீலம் பாரித்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ எந்த எண்ணுக்கும் காத்திருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவையுங்கள்.

கேள்வி: கரண்ட் போனால் என்ன செய்வது? சிலிண்டரும் வாங்க வேண்டுமா?

பதில்: ஒன்று கட்டாயம் வேண்டும். கணக்கு எளிது. 10 லிட்டர் கொள்ளளவு சிலிண்டரில் 150 பார் அழுத்தம் இருந்தால் உள்ளே 1500 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் சுமார் 12 மணி நேரம் வரும். வாங்கும்போது ரெகுலேட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள். சாய்ந்து விழாதபடி கட்டி வையுங்கள். ரெகுலேட்டரில் எண்ணெய்க் கை படக்கூடாது. அடுப்பு, விளக்கு, பீடி, சிகரெட் எதுவும் அந்த அறையில் வேண்டாம். ஆக்சிஜன் ஊறிய போர்வையும் தலைமுடியும் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும்.

கேள்வி: பழைய மெஷின் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று மீட்டரில் பாருங்கள். தினமும் 15 மணி நேரம் ஓடினாலே வருடத்துக்கு 5,400 மணிக்கு மேல் ஆகிவிடும். அரை மணி நேரம் ஓடவிட்டு, உங்களுக்கு எழுதிய அளவில் சுத்தத்தை அளந்து பாருங்கள். அளக்க விடமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். குழாய், மாஸ்க், தண்ணீர் பாட்டில் மூன்றும் புதிதாகவே இருக்கட்டும்.

கேள்வி: ஸ்பிரே டப்பா மாதிரி ஆக்சிஜன் கேன் விற்கிறார்களே, அவசரத்துக்கு ஆகுமா?

பதில்: ஆகாது. 10 லிட்டர் என்று போட்ட கேன், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 5 நிமிடத்தில் காலி.