நடுவில் இறக்கை வைத்த ராக்கெட்

அன்புள்ள ஐயா,

சின்ன வயதில் வாணம் விட்ட கதையை நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு நானும் மகனும் (வயது 11) 1.5 லிட்டர் ஹண்ட்ரட் பிளஸ் பானப் போத்தலில் நீர் ராக்கெட் (தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பில் காற்று அடித்து ஏவுவது) செய்தோம். முதல் நாள் ஜோராகப் பறந்தது. பிறகு மகன் ஆசைப்பட்டான் என்று போத்தலின் நடுவில் இரண்டு பெரிய இறக்கைகள் ஒட்டினோம். இப்போது தென்னை உயரம்கூடப் போகாமல் குட்டிக்கரணம் போட்டு விழுகிறது. எங்கே தப்பு? இன்னொன்று. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் ராக்கெட் மோட்டார் ஒன்றைப் படம் பிடித்து அனுப்பினார். 'சி6-5' என்று அச்சிட்டிருக்கிறது. அதைத் தருவிக்கலாமா, இல்லை பட்டாசு மருந்தில் நாமே செய்துவிடலாமா?

பிறை வாசகர் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

பட்டாசைப் பிரிக்கும் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். 1950களில் அமெரிக்கப் பையன்கள் அப்படித்தான் வீட்டில் மருந்து கலந்து கையைச் சுட்டுக்கொண்டார்கள். அந்த ஆபத்தைப் பற்றி ஹாரி ஸ்டைன் என்பவர் இதழில் எழுத, நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் 1957இல் அவருக்குக் கடிதம் போட்டார். தானும் சகோதரரும் 1954இலேயே பாராசூட்டில் இறங்கும் காகித ராக்கெட் செய்துவிட்டதைச் சொல்லி, மாதிரியும் அனுப்பினார். மாதிரி ராக்கெட் விடும் இந்தப் பொழுதுபோக்கே ஒரு வாசகர் கடிதத்தில் பிறந்ததுதான்! ஆலையில் செய்த மோட்டார், காகிதக் குழாய், மிக லேசான பால்சா மரம், தள்ளி நின்று மின்கம்பியால் பற்றவைப்பது என்ற முறையெல்லாம் அதன்பின் பரவியவை.

சி6-5இல் 'சி' என்பது மோட்டார் மொத்தமாகத் தரும் தள்ளல் (விசை × நேரம்): 5 முதல் 10 நியூட்டன்-விநாடி. அடுத்த எழுத்துக்குப் போனால் இரட்டிப்பு. 6 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். 5 என்பது எரிந்து முடிந்தபின் பாராசூட்டைத் தள்ள மோட்டார் காத்திருக்கும் விநாடிகள். கட்டைவிரல் பருமன்தான், ஆனால் லேசான ராக்கெட்டைப் பினாங்கின் கொம்தார் கோபுரத்துக்கு மேலே கொண்டுபோய்விடும். உள்ளே இருப்பது கருமருந்து என்னும் வெடிமருந்து. நம் மலேசியாவில் 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் தருவிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். தவிர, உங்கள் பக்கத்தில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம். மைத்துனரின் படத்தைப் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி குட்டிக்கரணம். ராக்கெட்டை ஒரு விரலில் வைத்தால் எங்கே நிற்கிறதோ அது எடைமையம். காற்று பக்கவாட்டில் தள்ளும்போது அந்த மொத்தத் தள்ளலும் கூடும் இடம் அழுத்தமையம். எடைமையம் முன்னால், அழுத்தமையம் பின்னால் இருக்க வேண்டும். இடைவெளி குறைந்தது ராக்கெட்டின் விட்டம் அளவு. உங்கள் போத்தலுக்குச் சுமார் 9 செ.மீ. வால் துடுப்பு அழுத்தமையத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. நீங்கள் நடுவில் ஒட்டியது அதை முன்னுக்கு இழுத்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

அழுத்தமையத்தைக் கண்டுபிடிக்க ராக்கெட்டைப் பக்கவாட்டில் அட்டையில் வரைந்து வெட்டுங்கள். அந்த அட்டை விரலில் எங்கே சமன்படுகிறதோ, ஏறக்குறைய அங்கேதான் இருக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது கயிற்றுச் சோதனை. தண்ணீர் இல்லாத ராக்கெட்டின் எடைமையத்தில் இரண்டு மீட்டர் கயிறு கட்டி, தலைக்கு மேலே சுற்றுங்கள். மூக்கு முன்னால் ஓடினால் பறக்கும். பக்கவாட்டில் புரண்டாலோ வால் முந்தினாலோ, ஏவவே வேண்டாம். (முதலில் மனைவியின் பூச்சட்டிகளை நகர்த்தி வையுங்கள்.)

அதற்காகப் பையனின் இறக்கைகளைப் பிடுங்கச் சொல்லமாட்டேன். இருப்பதை மாற்றிப் பார்ப்பதில்தான் இதன் ருசியே இருக்கிறது. போத்தல் வாய்ப்பக்கம் (பறக்கும்போது அதுதான் வால்) இன்னும் பெரிய துடுப்புகள் ஒட்டுங்கள். மூக்கில் களிமண் அப்புங்கள், சுற்றிப் பாருங்கள், போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் அப்புங்கள். உயரம் குறையும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. களிமண்தான், கல் வேண்டாம். நான் ஒருமுறை கூழாங்கல் வைத்து அப்பாவின் மோட்டார் சைக்கிள் விளக்கை உடைத்தேன். அந்த மாதம் முழுக்கச் சைக்கிள் பம்ப் என் கைக்கு வரவில்லை.

தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு போதும். கீறல் விழுந்த போத்தலில் காற்று அடிக்காதீர்கள். காலையிலேயே திடலுக்குப் போங்கள். மதியத்துக்குமேல் கடல்காற்று எழும்பும். நன்றாகச் சமன்பட்ட ராக்கெட் காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பும், உங்கள் ஊரில் அது மேற்கு. சுற்றிப் பார்த்தபோது எத்தனை கிராம் களிமண் தேவைப்பட்டது என்று மகனையே எழுதச் சொல்லுங்கள்.