சின்னத் தொட்டியில் பிரானா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் வீட்டில் சின்னத் தொட்டி ஒன்று இருக்கிறது. அதற்கு ஏற்ற பிரானா இனம் எது? (பெங்களூர், அல்சூர் வாசகர்)

‘சின்னத் தொட்டி’ என்பது ஓர் அளவன்று. நீளம், அகலம், உயரம் மூன்றையும் எழுதுங்கள் என்று எத்தனை முறை கேட்டுக்கொண்டாலும் கடிதங்கள் இப்படித்தான் வருகின்றன. கடைகளில் பரவலாக விற்கும் 2 × 1 × 1 அடித் தொட்டி என்று வைத்துக்கொண்டால், அதில் ஏறத்தாழ 55 லிட்டர் நீர்தான் கொள்ளும். அதற்குப் பொருத்தமான பிரானா இனம் எதுவுமில்லை. எல்லோரும் ஆசைப்படும் ரெட் பெல்லி (சிவப்பு வயிற்றுப் பிரானா) ஓர் அடிக்குச் சற்றுக் குறைவாக வளரக்கூடியது. கூட்டமாக வாழும் மீன் என்பதால் ஐந்தாறாவது வேண்டும். அவற்றுக்கு 6 × 2 × 2 அடி, அதாவது 680 லிட்டர் அளவில் தொட்டி தேவைப்படும். இடமில்லாதவர்கள் தனித்து வாழும் செர்ராசால்மஸ் என்னும் பிரானா வகைகளில் சிறியதான சாஞ்செஸியை எண்ணிப் பார்க்கலாம். பெருவின் உக்கயாலி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த இது ஆறு, ஏழு அங்குலத்தோடு நின்றுவிடும். ஒரே ஒரு மீனுக்கு 3 × 1½ × 1½ அடி, அதாவது 190 லிட்டர், குறைந்தபட்சம். நான்கடித் தொட்டி என்றால் நான் நிம்மதியாக இருப்பேன். குஞ்சுப் பருவத்தில் சாஞ்செஸிக்கும் அதே வகையைச் சேர்ந்த ரோம்பியஸுக்கும் வேறுபாடு தெரிவது கடினம் என்பதையும், பின்னது ஓர் அடியைத் தாண்டி வளரும் என்பதையும் வாங்கும்முன் நினைவில் வையுங்கள்.

சாஞ்செஸிக்குத் துணையாக இன்னொன்று விடலாமா? (ஸ்ரீராமபுரம்)

வேண்டாம். ஒரு மாதத்தில் ஒன்றுதான் மிஞ்சும், அதுவும் வால் கிழிந்த நிலையில்.

நியான் டெட்ரா என்னும் சின்ன மீன்களைச் சேர்த்து வளர்க்கலாமா? (ஜீவன்பீமா நகர்)

தீவனமாக என்றால் விலை அதிகம். தோழமைக்காக என்றால் கூடாது.

நகரத்துக் கடை ஒன்றில் நான்கு பிரானாக் குஞ்சுகள் வாங்கினேன். கீரைத் தண்டைக்கூட விரும்பித் தின்கின்றன. இது இயல்பா? எட்டு மாதத்தில் ஒவ்வொன்றும் என் உள்ளங்கையைத் தாண்டிவிட்டது. (கே.ஆர்.புரம்)

உங்களிடம் இருப்பவை பெரும்பாலும் பிரானாக்களே அல்ல. ரூப்சந்த் என்று மீன்காரர்கள் அழைக்கும் பாக்கு (Pacu) மீன்கள். இந்தக் கேள்வி மாதந்தோறும் எனக்கு வருகிறது, மாதந்தோறும் எனக்குக் கோபமும் வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே ஏமாற்றத்துக்கு ஆளானவன்தான். சிவந்த வயிற்றோடு துள்ளிய ஆறு குஞ்சுகளைப் பிரானா என்று நம்பி வாங்கி, ஒரு வருடம் இறாலும் மீன் துண்டுமாக வளர்த்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குச் சமையலுக்கு மீன் வாங்கப் போனபோது, பலகையின் மேல் என் வீட்டு மீனே கிலோ கணக்கில் கிடந்தது. விற்ற அம்மாள் அதன் வாயைத் திறந்து காட்டினார்: கடைவாய்ப் பற்களைப்போலத் தட்டையான பற்கள், ஒரு சிறுவனின் வாய்க்குள் பார்ப்பதைப்போல இருந்தது. கொட்டைகளையும் பழங்களையும் நொறுக்கித் தின்னும் மீனுக்கு அப்படித்தான் இருக்கும். பிரானாவின் பற்களோ முக்கோணக் கத்திகள்; மேலும் கீழும் கத்தரிக்கோல்போல ஒன்றோடொன்று பொருந்துபவை. கீரை தின்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம், ஏனெனில் பிரானாவும் இயற்கையில் விதைகளையும் செடிப் பொருள்களையும் தின்பதுண்டு. கீழ்த்தாடை புல்டாக் நாயைப்போல முன்னே துருத்தியிருக்கிறதா, பற்கள் கூரியவையா என்பவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

பாக்கு இரண்டரை அடிக்கு மேலும் வளரக்கூடியது, இருபது கிலோவையும் தாண்டக்கூடியது. உங்கள் தொட்டியில் அது வளரும் வரை வளர்ந்து, பிறகு நோய்வாய்ப்படும். வளர்ப்பதற்காகவே நம் நாட்டுக் குளங்களில் விடப்பட்ட மீன் என்பதால் குஞ்சுகள் மலிவாகக் கிடைக்கின்றன. அதைப் பிரானா என்று பெயர் மாற்றி விற்கும் கடைக்காரர்களுக்கு லாபம் அங்கேதான் இருக்கிறது. விற்பவரிடம் இனப்பெயரைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உயிர் மீன்களுக்குச் சுகாதார அனுமதியும், நோய் பரவாமல் தனியே வைத்திருக்கும் காலமும் உண்டு, ஆகவே எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். பெரிதாகிவிட்டதே என்று ஏரியில் கொண்டுபோய் விடுபவர்களுக்கும் சொல்கிறேன்: விடாதீர்கள். கேரளத்து நீர்நிலைகளில் பாக்கு மீன் பிடிபட்டிருக்கிறது. அல்சூர் ஏரியும் வேறு ஏரிகளும் நம் மீன் தொட்டிகளின் குப்பைத் தொட்டிகள் அல்ல.

நீரிலிருந்து தூக்கியபோது ரெட் பெல்லி ஒரு சத்தம் போட்டது. நோயா? (மாரத்தஹள்ளி)

இல்லை. காற்றுப்பையை அதை ஒட்டிய தசைகள் அதிரச் செய்வதால் வரும் சத்தம் அது. பெல்ஜியத்து லீயெஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் இந்த மீனிடம் மூன்று வகைச் சத்தங்களைப் பதிவு செய்தார்கள். எதிராளியை முகத்துக்கு நேராக மிரட்டும்போது வருவது ஒன்று, சண்டையின்போது வருவது மற்றொன்று, துரத்தும்போது பல்லை நறநறவென்று கடிப்பது மூன்றாவது. மீனைத் தூக்கியது வலையாலா வெறுங்கையாலா என்று நீங்கள் எழுதவில்லை. வெறுங்கை என்றால், இனி அப்படிச் செய்யாதீர்கள்.

போர்வெல் தண்ணீரில் வளருமா? (எச்.எஸ்.ஆர். லேஅவுட்)

அமேசான் பகுதி நீர் மென்மையானது, சற்று அமிலத்தன்மை கொண்டது; நம் போர்வெல் நீர் பக்கெட்டில் வெள்ளை படியும் அளவுக்குக் கடினமானது. பாதி ஆர்.ஓ. நீர் கலந்தால் போதும், பி.எச். 7-க்குக் கீழே நின்றால் நல்லது. குழாயில் வரும் காவிரி நீர் என்றால் குளோரின் நீக்கியைப் போடாமல் ஊற்றாதீர்கள். எந்த நீராக இருந்தாலும், மீன் வாங்கும்முன் நான்கு முதல் ஆறு வாரம் ஃபில்டரை ஓடவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று சோதித்த பிறகே வாங்குங்கள். இந்த மீன் தின்பதைச் சிதறடிக்கும் பழக்கமுள்ளது. மற்ற மீனுக்குப் போதுமான ஃபில்டர் இதற்குப் போதாது.

வேட்டையைப் பார்க்க உயிருள்ள கோல்டு ஃபிஷ் போடலாமா? குழந்தைகள் கேட்கிறார்கள். (இந்திரா நகர்)

குழந்தைகள் கேட்டால் இறால் துண்டைப் போட்டுக் காட்டுங்கள். கோல்டு ஃபிஷில் தயமினேஸ் என்னும் நொதி இருக்கிறது. தொடர்ந்து கொடுத்தால் பி1 வைட்டமின் குறைந்துபோகும், மலிவான தீவன மீனோடு நோயும் வந்து சேரும். உரித்த இறால், மீன் சதை, மாமிச உண்ணிகளுக்கான பெல்லட் ஆகியவை போதும். வளர்ந்த மீனுக்கு வாரத்தில் மூன்று நாள் தீனி தாராளம்.

பெங்களூர்க் குளிருக்கு ஹீட்டர் தேவையா? (ராஜாஜி நகர்)

டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெளியே 15 டிகிரி வரை இறங்குகிறது. இந்த மீனுக்கு 25 முதல் 27 டிகிரி வேண்டும். ஆகவே தேவை. 190 லிட்டர் தொட்டிக்கு 200 வாட், அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை, ஏனெனில் பயந்த மீன் கண்ணாடி ஹீட்டரில் மோதி உடைத்துவிடும். சரிபார்க்கக் கையை உள்ளே விடும்முன் பிளக்கைப் பிடுங்குங்கள்; மீன் எந்த மூலையில் நிற்கிறது என்றும் பாருங்கள்.

வாடகை வீட்டின் இரண்டாம் மாடியில் 4 × 2 × 2 அடித் தொட்டி வைக்கலாமா? (விஜயநகர்)

அளவை எழுதியதற்கு நன்றி. நீர் மட்டும் 450 கிலோவுக்கு மேல் வரும். கண்ணாடி, மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 600 கிலோ என்று வையுங்கள். பால்கனியில் வேண்டாம். சுவரை ஒட்டி, கீழே பீம் ஓடும் இடத்தில் வைப்பது நல்லது; கட்டட எஞ்சினியர் ஒருவரையும், அதற்கும் முன்னால் வீட்டுக்காரரையும் கேளுங்கள்.